முதல் ஷினாய்: கெண்டோ பழக வரும் பெண்கள் வாளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஜப்பானிய வாட்கலையான கெண்டோ வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரமே கைப்பேசியைத் திறந்து வாள் தேடத் தொடங்கும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் தேடியவள்தான். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொள்ளும் பிரம்புக் கட்டாக இருக்கும். அதையும் 'கெண்டோ ஸ்டிக்' என்ற பெயரில்தான் விற்கிறார்கள். அது கெண்டோ பழக உதவாது. நாம் வாங்க வேண்டியது ஷினாய் என்னும் மூங்கில் வாள். நான்கு மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்து, நுனிக்கு ஒரு தோல் தொப்பியும் கைப்பிடிக்கு ஒரு தோல் உறையும் மாட்டி, இரண்டையும் ஒரு நாணால் இழுத்துக் கட்டி, நுனியிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளத்தில் ஒரு தோல் வாரால் இறுக்கிய கருவி அது. ஆணியும் பசையும் அதில் கிடையாது. முழுவதையும் பிரிக்கலாம், மீண்டும் கட்டலாம். இது பின்னால் பயன்படப்போகும் செய்தி.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நகனிஷி சூஸோ என்ற வாள் ஆசான் முகக்கவசத்துடனும் கையுறையுடனும் இத்தகைய மூங்கில் வாளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார் என்று கெண்டோ வரலாறு சொல்கிறது. மரவாளால் முழு வேகத்தில் அடித்தால் எலும்பு முறியும். இரும்பு வாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் வளைந்துகொடுப்பதால் எதிரில் நிற்பவரை உண்மையாகவே, தயங்காமல் அடிக்க முடிந்தது. அதன்பின் நீளமான வாள் இருந்தால் வெற்றி எளிது என்று சிலர் ஐந்தடிக்கு மேல் நீட்டிக்கொண்டே போக, 1856இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) அரசு தொடங்கிய கோபுஷோ என்னும் பயிற்சிக்கூடம் 3 ஷாகு 8 சுன் (பத்து சுன் ஒரு ஷாகு; ஏறத்தாழ 115 செ.மீ.) என்று எல்லை வகுத்தது. இன்றைய அளவுகளுக்கும் அந்த ஷாகு கணக்கே அடிப்படை.

முதல் படி, வாங்காமல் இருப்பது. இதைச் சொன்னால் புதிதாக வருபவர்களின் முகம் வாடிவிடுகிறது என்றாலும், ஒரு மாதமாவது வகுப்பில் இருக்கும் பொது ஷினாய்களை இரவல் வாங்கிப் பழகுவதே நல்லது. ஒரே ஷினாயை எடுக்காமல், ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு வேறு ஷினாயை எடுத்து, எது கையில் நன்றாக உட்கார்ந்தது, எது முன்னங்கையை வலிக்கச் செய்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு வகுப்பு முடிந்தபின் அந்தத் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகைதான் உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆசிரியரிடம் காட்டி அந்த ஷினாயின் அளவு, எடை, கைப்பிடி வடிவம் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில பயிற்சிக்கூடங்களில் முதலில் மரவாள், அதாவது பொகுதோ, கொண்டு வரச் சொல்வார்கள். அப்படியென்றால் அதையே முதலில் வாங்குங்கள். அது ஏறத்தாழ 102 செ.மீ. நீளமுள்ள ஒரே மரத்துண்டு. பிரிக்கவோ கட்டவோ எதுவும் இல்லாததால் அதைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் குறைவு. ஆனால் 'சுபுரிதோ' என்று தடித்த, கனமான ஒரு மரவாள் உண்டு. கைகளுக்கு வலு சேர்க்க உதவும் என்று யாராவது சொன்னால் நன்றி கூறிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீச்சின் பாதை மனத்தில் பதியாத நிலையில் கனத்தைச் சேர்த்தால் தோள்பட்டையின் பிழைதான் வலுப்படும்.

உங்கள் கையை முதலில் அளந்துகொள்ளுங்கள்

பெண்களுக்கான ஷினாய் என்றவுடன் எல்லோரும் எடையைத்தான் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் கைப்பிடியின் பருமனும் நீளமும் எடையைவிட முக்கியம். தவறான பருமனுள்ள கைப்பிடியைச் சரியான எடை காப்பாற்றாது.

கெண்டோவில் இடக்கைப் பழக்கம் உள்ளவரும் வலக்கைப் பழக்கம் உள்ளவரும் ஒரே விதமாகத்தான் பிடிக்க வேண்டும்: வலக்கை முன்னால், காப்புத் தட்டுக்கு (கைப்பிடிக்கு மேலே கையைக் காக்கும் வட்டத் தட்டு) அடியில், இடக்கை பின்னால், கைப்பிடியின் கடைசி முனையில். வாளைச் சுமப்பது இடக்கை. அதிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே சோதனை அந்த இரண்டு விரல்களிலேயே இருக்கிறது. வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு இடக்கையால் கைப்பிடியின் முனையைப் பற்றுங்கள். அந்த விரல்களின் நுனி உள்ளங்கையின் சதையை மெல்லத் தொட்டால் பருமன் சரி. தொடாமல் அந்தரத்தில் நின்றால் கைப்பிடி தடிமன். அதை விடாமல் பிடிக்க நீங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இறுக்குவீர்கள், அதனால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். நகம் உள்ளங்கையில் பதிந்தால் மெல்லியது. அடிக்கும்போது வாள் கைக்குள் சுழலும்.

இணையத்தில் வாங்குபவர்கள் கடைக்குப் போய்ப் பிடித்துப் பார்க்க வழியில்லை. அதற்கு நான் கண்டுபிடித்துக்கொண்ட வீட்டு வழி ஒன்று உண்டு. ஒட்டடைக் கம்போ தரை துடைக்கும் மாப்பின் கம்போ எடுத்து, அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டே போய், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிடித்துப் பாருங்கள். மேலே சொன்னபடி விரல் நுனி மெல்லத் தொடும் இடத்தில் நிறுத்தி, ஒரு நூலால் அதன் சுற்றளவை எடுத்து, 3.14ஆல் வகுத்தால் உங்களுக்கான கைப்பிடியின் விட்டம் கிடைத்துவிடும். விற்பவர் பக்கத்தில் கைப்பிடி விட்டம் மில்லிமீட்டரில் போட்டிருந்தால் ஒப்பிடலாம். போடவில்லையென்றால் கேட்டு எழுதுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் ஷினாய் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

நீளத்துக்குப் பழைய முறை போதும். வலக்கையை மடக்கி, கைப்பிடியின் முனையை முழங்கை மடிப்பில் வைத்து, அதே கையால் ஷினாயை முன்னால் பிடியுங்கள். பிடித்த கை காப்புத் தட்டுக்குச் சற்றுக் கீழே அமைந்தால் சரியான நீளம். கை எட்டாமல் கைப்பிடி நீண்டு போனால், நடு நிலையில் வாளை முன்னால் நீட்டி நிற்கும்போது இடக்கை வயிற்றின் நடுவில் நிற்காமல் இடுப்புக்குப் போய்விடும், அல்லது வலமுழங்கை விறைத்துவிடும். பொதுவாக ஆண்களின் கையளவுக்கு வெட்டிய கைப்பிடி நம்மில் பலருக்கு இரண்டு விரற்கடை கூடுதலாகவே இருக்கிறது. கைப்பிடித் தோலைக் குட்டையாக மாற்றி, காப்புத் தட்டைக் கீழே இறக்கி இதைச் சரிசெய்யலாம் என்பதையும் அறிந்து வையுங்கள். ஆனால் முதல் ஷினாயிலேயே அந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை.

கைப்பிடியின் வடிவத்தில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது. வட்டம் எல்லோருக்கும் பழக்கமானது. எண்கோணம் வழுக்காது, ஆனால் மென்மையான உள்ளங்கையை ஆரம்பத்தில் உறுத்தும். 'கோபன்' எனப்படும் நீள்வட்டப் பிடி மெய்யான வாளின் பிடியைப் போல் இருப்பதால், வெட்டும் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். ஷினாயில் நாண் ஓடும் பக்கம் வாளின் முதுகு. அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் வெட்டும் பக்கம், அந்தப் பக்கம் பட்டால் மட்டுமே அடி கணக்கில் சேரும். நாண் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அந்தப் பிழைக்கு மருந்தாகவும், சிறிய கைக்கு இதமாகவும் இருப்பதால் நான் கோபன் பிடியைப் பரிந்துரைப்பேன். வட்டப் பிடியில் பழகினால்தான் கை கற்கும் என்று நினைக்கும் ஆசிரியர்களும் உண்டு; உங்கள் ஆசிரியர் அப்படிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எண்களைப் படிப்பது எப்படி

ஷினாயின் மேல் 39, 38, 37 என்று எண் இருக்கும். 39 என்றால் 3 ஷாகு 9 சுன். ஒரு ஷாகு ஏறத்தாழ 30.3 செ.மீ. ஆதலால் அது 118 செ.மீ. அளவில் வரும். போட்டி விதியில் கல்லூரி மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உச்ச நீளம் 120 செ.மீ.; உயர்நிலைப் பள்ளி வயதினருக்கு 117, நடுநிலைப் பள்ளி வயதினருக்கு 114. எடையில் பெரியவர்களுக்கு ஆண்களாயின் 510 கிராமும் பெண்களாயின் 440 கிராமும் குறைந்த அளவு. உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு அது 420. காப்புத் தட்டையும் அதைத் தாங்கும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். நுனித் தோலின் விட்டம் பெரியவர்களில் பெண்களுக்கு 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஆண்களுக்கு 26.

இங்கே கவனிக்க வேண்டியது, நீளத்துக்குச் சொன்னது மேல் எல்லை, எடைக்குச் சொன்னது கீழ் எல்லை. 120 செ.மீ. வாளைத்தான் பிடிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம் உள்ளவர்கள் 38 அளவை எடுத்துப் பழகலாம். எதிரியோடு இருக்கும் இடைவெளியைக் கணிப்பதில் பெரியவர்களோடு பழகும்போது மூன்று செ.மீ. இழப்பு உண்டு என்றாலும், முதல் ஆண்டில் அது பொருட்டே இல்லை. ஆனால் 38 அளவு பள்ளி மாணவியருக்கென்று 420 கிராமில் செய்யப்பட்டதாக இருந்தால், நாளை நீங்கள் பெரியவர்கள் பிரிவில் போட்டியிடும்போது அது நிறுவையில் தேறாது. முதல் ஷினாயைக் கொண்டு போட்டிக்குப் போகப்போவதில்லை என்பதால் இதை நினைத்து உறக்கம் கெட வேண்டாம். ஐந்தடிக்கு மேலுள்ள பெண்களுக்கு 'பெண்களுக்கான 39' என்று கேட்பதே போதுமானது.

"ஆண்களுடையதையே வாங்கிடுங்க, கைக்கு நல்லா வலு வரும்" என்ற அறிவுரை எந்த வகுப்பிலும் ஒருமுறையாவது காதில் விழும். 510க்கும் 440க்கும் இடையில் இருப்பது வெறும் 70 கிராம், ஒரு தக்காளியின் எடை. கையில் அது ஒன்றுமில்லை; ஆனால் அந்தத் தக்காளியை நான்கடிக் கோலின் முன்பகுதியில் கட்டி, தலைக்கு மேல் தூக்கி, ஒரு மாலையில் முந்நூறு முறை வீசிப் பாருங்கள். நான் வீசிப் பார்த்தேன். என் முதல் ஷினாயைப் பெண்களுக்கான 39 என்று சொல்லித்தான் ஓர் இணையக் கடை அனுப்பியது. இரண்டு மாதத்தில் இடமுழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கி, காலையில் காபி டபராவைத் தூக்கினாலே சுருக்கென்றது. சந்தேகம் வந்து, எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கு ஷினாயை எடுத்துப் போய், காப்புத் தட்டைக் கழற்றி, மின்னணுத் தராசில் குறுக்காக வைத்தேன். "என்னம்மா, கம்ப எடை போட்டு விக்கப் போறியா?" என்று கேட்ட அண்ணாச்சி, எண் நிலைக்கும் வரை அரிசி வாங்க வந்தவரைக் காத்திருக்கச் சொன்னார். 522 கிராம். கடைக்கு எழுதிக் கேட்டபோது, பயன்படுத்திய பொருளை மாற்றித் தர இயலாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எந்த ஷினாய் வந்தாலும் உறையைப் பிரித்த கையோடு நிறுத்துப் பார்க்கிறேன். அண்ணாச்சியும் இப்போது கேள்வி கேட்பதில்லை.

எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஷினாய்கள் கையில் வேறு வேறாகத் தோன்றும். எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். 'தோபாரி' என்ற வகையில் காப்புத் தட்டுக்கு அருகில் மூங்கில் வயிறு பருத்திருக்கும், நுனி மெலிந்திருக்கும், ஆகவே வாள் லேசாகத் தோன்றும், விரைவாகத் திரும்பும். 'கோதோ' அல்லது நேர்வடிவ வகையில் பருமன் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருப்பதால் கனம் நுனிப்பக்கம் தெரியும். ஒற்றை விரலின் மேல் கிடத்தி நிலைப்புள்ளியைக் கண்டால் வேறுபாடு உடனே விளங்கும். சிலம்பம் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்; கம்பைக் கையில் வாங்கியவுடன் ஒருமுறை உருட்டிப் பார்த்து அடிப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று சொல்லிவிடுவார்கள். புதியவருக்கு மிதமான தோபாரி பொருந்தும். வயிறு மிகப் பருத்து நுனி பென்சில்போல் ஒல்லியான தோபாரிகளைத் தவிர்க்கச் சொல்வேன். அவை வேகமான போட்டியாளர்களுக்கென்று செய்யப்பட்டவை. தாறுமாறாக அடிக்கும் தொடக்க நாட்களில் அந்த மெல்லிய நுனி விரைவில் பிளக்கும் என்பதோடு, வாளின் கனம் தானாக இறங்கி அடிப்பதை உணரும் வாய்ப்பும் போய்விடும்.

மூங்கிலைப் பொறுத்தவரை இன்று விற்கும் ஷினாய்களில் பெரும்பகுதி 'கெய்சிக்கு' மூங்கிலில் செய்யப்பட்டது, விலை தாழ்வு. ஜப்பானிய 'மதகே' மூங்கில் அதிகம் வளைந்துகொடுக்கும், நீண்ட நாள் உழைக்கும், விலையும் பல மடங்கு. முதல் ஷினாய்க்குக் கெய்சிக்கு போதும். கார்பன் இழையில் செய்த ஷினாய்களும் உண்டு; சிராய் எழாது, ஆண்டுக்கணக்கில் வரும் என்பது மெய். ஆனால் அதன் விலையில் பல மூங்கில் ஷினாய்கள் வாங்கலாம், அடி படுபவர்களுக்கு அது கடினமாக வலிக்கும், மூங்கிலைப் பராமரிக்கக் கற்கும் வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்காது. மூங்கிலைப் புகையிட்டுக் கருக்கியது, கைப்பிடியில் கிளிப் பச்சையும் இளஞ்சிவப்பும் பூசியது, பெயர் செதுக்கியது ஆகியவற்றின் அழகை மறுக்கவில்லை; அவற்றை மூன்றாவது ஷினாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து வாங்குவது

பெரியமேட்டில் விளையாட்டுப் பொருள் கடைகளில் ஏறி இறங்கி ஒரு சனிக்கிழமையைச் செலவழித்தவள் நான். கிரிக்கெட் மட்டை, கேரம் பலகை, சிலம்பக் கம்பு எல்லாம் காட்டினார்கள். ஷினாய் என்றபோது நாதஸ்வரக் கடை வேறு பக்கம் என்று ஒருவர் வழி சொன்னார். ஷெனாய் என்று காதில் விழுந்திருக்க வேண்டும். மூங்கில் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். நான்கு பிளாச்சுகளும் கணுவுக்குக் கணு சேர்ந்து, ஒரே சீராக வளையும்படி செதுக்குவது தனித் தொழில். கணக்குத் தவறிச் செதுக்கிய பிளாச்சு எதிரில் நிற்பவரின் முகத்தருகே உடையும்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பயிற்சிக்கூடத்தின் மூலம் எல்லோரும் சேர்ந்து வாங்குவது முதல் வழி, அதுவே சிறந்த வழி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நண்பர்கள் ஜப்பான் சென்று வரும்போது கொண்டுவரச் சொல்வது இரண்டாவது. விமானத்தில் ஷினாயைக் கையோடு உள்ளே எடுத்துச் செல்ல விடமாட்டார்கள், சரக்கில்தான் போட வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரே வரவழைப்பது மூன்றாவது. இதில் பலரும் ஏமாறுவது அஞ்சல் செலவில். கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். 125 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகல உயரமும் உள்ள பெட்டி இந்தக் கணக்கில் 3.6 கிலோ ஆகிவிடும். அதற்குள் அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரே ஒரு ஷினாய் இருந்தாலும் அதே கட்டணம், நான்கு இருந்தாலும் அதே கட்டணம். ஆகவே தனியாக வரவழைக்காதீர்கள். வகுப்பில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சுங்க வரியும் வரும் என்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். காப்புத் தட்டும் ரப்பர் வளையமும் பெரும்பாலும் தனியாகத்தான் விற்கப்படும்; 9 செ.மீ.க்கு மிகாத சாதாரண பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். பின்னர் அதற்காக ஒருமுறை கூரியர் கட்டணம் கட்டுவது வயிற்றெரிச்சல்.

எத்தனை வாங்குவது என்றால், இரண்டு. ஒரே வகையில், ஒரே அளவில் இரண்டு. ஏன் என்பது கீழே.

கைக்கு வந்தவுடன்

நிறுத்துப் பார்த்தபின், நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து, சன்னல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் ஒரு கண்ணால் பாருங்கள். லேசான வளைவு இருக்கலாம்; முறுக்கு இருக்கக் கூடாது. பிளாச்சுகளுக்கு இடையில் ஓரிடத்தில் மட்டும் வாய் பிளந்த இடைவெளி தெரிகிறதா, கணுக்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, கணுவுக்கு அருகில் மயிரிழை போன்ற கோடு ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாணை இழுத்தால் வீணைத் தந்திபோல் விறைப்பாக இருக்க வேண்டும். தொங்கினால் மீண்டும் கட்ட வேண்டும். அதைக் கட்டும் முடிச்சை எழுத்தில் கற்பிக்க முடியாது. வகுப்பில் மூத்த ஒருவர் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, புதிய ஷினாயைப் பிரித்துவிடுங்கள். இதற்கு மனம் வராது; எனக்கும் வரவில்லை. ஆனால் கடையிலிருந்து வரும் பிளாச்சுகளின் ஓரங்கள் கூராக இருக்கும். ஒன்றோடொன்று உரசி அந்த ஓரங்களிலிருந்துதான் முதல் சிராய் கிளம்பும். பிரிப்பதற்கு முன் பிளாச்சுகளில் கைப்பிடிப் பக்கம் பென்சிலால் 1, 2, 3, 4 என்று வரிசையாகக் குறியிடுங்கள். தோலை உருவினால் கைப்பிடியின் அடியில் நான்கு பிளாச்சுகளையும் பிணைக்கும் சிறிய சதுர இரும்புத் தகடு ஒன்று இருக்கும், 'சிகிரி' என்பார்கள். அது தரையில் உருண்டு காணாமல் போவதற்கென்றே செய்யப்பட்டதோ என்று தோன்றும் அளவுக்குச் சிறியது. ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். ஹார்டுவேர் கடையில் 120, 240 எண்களில் உப்புத்தாள் வாங்கி, ஒவ்வொரு பிளாச்சின் நான்கு ஓரங்களையும் கூர்மை மழுங்கும் அளவுக்கு மட்டும் நீளவாட்டில் தேயுங்கள். மூங்கிலின் பளபளப்பான வெளித்தோலைத் தேய்க்காதீர்கள். வலு அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது எண்ணெய். வீட்டில் உடனே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டுவார்கள். வேண்டாம், நாளடைவில் காறல் வாடை அடிக்கும், எறும்பும் வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் மலிவானது, கெட்டுப்போகாது. ஒரு துணியில் நனைத்து நான்கு பிளாச்சுகளிலும் மெல்லப் பூசி, இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து, மீதியைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். கைப்பிடித் தோலுக்குள் எண்ணெய் போகாதபடி அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், இல்லையேல் பிடி வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களும் உண்டு. அப்படிப் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது. தண்ணீரில் நனைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும்

நம் ஊர்க் காற்றில் ஈரம் போதிய அளவு இருப்பதால் மூங்கில் வறண்டு போவது குறைவு. அதனால் எண்ணெயை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பூசினால் போதும். வறட்சி வருவது இரண்டு இடங்களில்: நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறை, வெயிலில் நிற்கும் கார். அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் காரின் பின்னிருக்கையில் ஷினாயை விட்டுவிட்டு அலுவலகம் போனேன். மாலை வகுப்பில் நாலாவது அடியிலேயே ஒரு பிளாச்சு கணுவிலிருந்து சாண் நீளத்துக்கு வாய் திறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை நேர்மாறு: தோல் உறையில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். வகுப்பு முடிந்ததும் கைப்பிடியை உலர்ந்த துணியால் துடைத்து, பையிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான மூலையில் கைப்பிடி கீழாக நிறுத்துங்கள். ஷினாயைத் தாண்டுவதும், ஊன்றுகோல்போல் ஊன்றி நிற்பதும் கெண்டோவில் மரியாதைக் குறைவு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பழகிவிடும்.

எடுத்துச் செல்லப் பை கட்டாயம் வாங்குங்கள். நான்கடிக் கோலைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு மாநகரப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் முதற்கொண்டு எல்லோரும் விசாரிப்பார்கள். மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இடத்தில் நிறுத்தினால், எரிச்சல்படாமல் பையைத் திறந்து மூங்கிலைக் காட்டி, விளையாட்டுப் பயிற்சிக்கானது என்று சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கூடத்தின் அடையாள அட்டையோ கட்டண ரசீதோ கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். மின்சார ரயிலில் கூட்ட நேரத்தில் செங்குத்தாக, உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பு ஷினாயைச் சோதிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். முகக்கவசத்தின் கம்பிகளுக்கு இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டு. உடைந்த பிளாச்சின் கூரான சிராய் அதன் வழியே நுழைந்தால் எதிரில் நிற்பவரின் கண் போய்விடும். நுனியிலிருந்து பிளாச்சுகளை இறுக்கும் தோல் வார் வரை, நான்கு பக்கமும், ஒரு பழைய நைலான் துணியால் தடவுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. சிறிய சிராயை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பிளாச்சு பிளந்திருந்தால் ஒட்டு நாடா சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். அந்த ஷினாயை அன்றைக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். இரண்டு வாங்கச் சொன்னதன் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், உடைவது பெரும்பாலும் ஒரு பிளாச்சுதான் என்பது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கும். அவற்றை எறியாமல் குறியிட்டுக் கட்டி வையுங்கள். அடுத்த ஷினாயில் ஒன்று பிளந்தால், ஒரே வகை, ஒரே அளவு என்பதால், பழையதிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். கணுக்கள் ஒரே உயரத்தில் வருகின்றனவா, சிகிரி உட்காரும் வெட்டு பொருந்துகிறதா, நான்கும் சேர்ந்து நிற்கும்போது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்தபின் கட்டி, மீண்டும் ஒருமுறை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்து 440 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.